விண்வழிச் சாஸ்திர தானம்: டாக்டர் விக்ரம் சாராபாய்

ஆகாரம், அபயம், ஔஷதம், சாஸ்திரம் எனத் தானம் நால்வகைப்படும் என்பதைச் சிராவகர் அனைவரும் அறிவர். இவற்றுள் முதல் மூன்றும் நம் ஊர்களில் இன்றும் ஓரளவு தடையின்றி நடந்து வருகின்றன. நான்காவதான சாஸ்திர தானத்தைப் பற்றித்தான் நாம் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரு காலத்தில் நோன்பு நிறைவின்போது சுவடி எழுதுவித்து வழங்குவது நம் குடும்பங்களின் வழக்கமாயிருந்தது. கன்னட நாட்டு அத்திமப்பே என்னும் அம்மையார், பொன்னர் இயற்றிய சாந்தி புராணத்தை ஆயிரம் படிகள் எழுதுவித்துக் கொடுத்தார் என்பதை ஜைன உலகம் ஆயிரம் ஆண்டுகளாகப் போற்றி வருகிறது. அச்சுப்பொறி வந்த பின்னர் நூல்களை அச்சிட்டுக் கொடுத்தோம். ஆனால் சுவடியாயினும் நூலாயினும் எழுத்தறிந்தவர்க்கே பயன்படும். எழுத்தே அறியாத ஓர் உழவருக்கும், பள்ளிக்கூடத்தின் வாசற்படியை மிதித்திராத அவருடைய மனைவிக்கும் அறிவுத் தானம் செய்வது எங்ஙனம்? ஊருக்கு ஒருவராக ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட ஊர்களுக்கு நல்லாசிரியர்களை எங்கிருந்து கொண்டுவருவது?

இந்தக் கேள்விக்கு விண்ணிலிருந்து விடை காண முயன்றவர் டாக்டர் விக்ரம் அம்பாலால் சாராபாய். இந்திய விண்வெளித் திட்டத்தின் தந்தை என்று பாடநூல்கள் அவரைக் குறிப்பிடுகின்றன. ராக்கெட்டுகளைப் பற்றிய செய்திகளுக்கிடையே, அவர் அந்த ராக்கெட்டுகளை எதற்காக விரும்பினார் என்பது பலருக்கு மறந்துபோயிற்று. அதை நினைவூட்டுவதே இவ்விதழில் நாம் இவ்வரலாற்றை எழுதுவதன் நோக்கம்.

அகமதாபாத் நகரில், ஸ்ரீமாலி ஜைன வணிகக் குடும்பம் ஒன்றில் 1919ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள் விக்ரம் பிறந்தார். தந்தையார் அம்பாலால் சாராபாய் காலிகோ ஆலையின் உரிமையாளர், பெருஞ்செல்வர். தாயார் சரளாதேவி. இவர்களுக்குப் பிறந்த மக்கள் எண்மர். ஷாகிபாக் பகுதியில் இருந்த தம் பெரிய மாளிகையிலேயே ஒரு பள்ளியை நிறுவி, மாண்டிசோரி அம்மையாரின் முறையைத் தழுவித் தம் குழந்தைகளுக்குக் கல்வி அளித்தனர் அப்பெற்றோர். கவி தாகூர் முதலிய பெரியோர் பலர் அவ்வில்லத்தில் விருந்தினராகத் தங்கியதுண்டு. விக்ரம் இங்கிலாந்து சென்று பயில விரும்பியபோது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திற்குப் பரிந்துரைக் கடிதம் அளித்தவரும் தாகூரேயாவார்.

இக்குடும்பம் கோயில் வழிபாட்டிலும் சடங்குகளிலும் மிகுதியாக ஈடுபட்ட குடும்பம் அன்று. இதனை நாம் மறைக்க வேண்டுவதில்லை. புகழ்பெற்றவர்களையெல்லாம் நம்மவர் என்று எண்ணிக்கையில் சேர்த்துக்கொண்டு மகிழும் பழக்கம் எந்தச் சமூகத்துக்கும் நன்மை தராது. ஆயினும் அறத்தின் வேர் அக்குடும்பத்தில் எவ்வளவு ஆழமாக ஓடியிருந்தது என்பதற்கு இரண்டு நிகழ்ச்சிகளைக் கூறலாம்.

முதலாவது அம்பாலாலைப் பற்றியது. 1915ஆம் ஆண்டில் காந்தியடிகள் அகமதாபாத்தை அடுத்த கோச்ரப் என்னுமிடத்தில் ஆசிரமம் தொடங்கினார். தீண்டத்தகாதவர் என ஒதுக்கப்பட்ட ஒரு குடும்பத்தை அவர் அங்கே சேர்த்துக்கொண்டதும், பொருளுதவி செய்து வந்தவர்கள் கைவிட்டனர். அடுத்த மாதச் செலவுக்கு வழியில்லாத நிலையில் செல்வர் ஒருவர் காரில் வந்து, ஆசிரமத்தின் உள்ளேயும் வராமல், 13,000 ரூபாயைக் கொடுத்துவிட்டுச் சென்றார். காந்தியடிகள் தம் சுயசரிதையில் அவர் பெயரைக் குறிப்பிடவில்லை. அவர் அம்பாலால் சாராபாயே என்பது பின்னாளில் தெரிய வந்தது.

இரண்டாவது, விக்ரமின் அத்தையார் அனசூயா அம்மையாரைப் பற்றியது. மருத்துவம் பயில்வதற்காக 1912ஆம் ஆண்டில் இங்கிலாந்து சென்ற அவர், அப்படிப்பில் உயிர்களை அறுத்துப் பார்க்க வேண்டும் என்று அறிந்ததும், அது தம் ஜைன நெறிக்கு ஒவ்வாதென்று அதனைக் கைவிட்டுப் பொருளாதாரப் பள்ளியில் சேர்ந்தார். தாயகம் திரும்பி ஆலைத் தொழிலாளர்களுக்காக உழைத்தார். 1918ஆம் ஆண்டின் புகழ்பெற்ற வேலைநிறுத்தத்தில் தொழிலாளர்களின் பக்கம் காந்தியடிகளுடன் நின்றார். எதிர்ப்பக்கம் முதலாளிகளின் தலைவராக நின்றவர் அவருடைய உடன்பிறந்த அம்பாலாலே. ஆயினும் அக்காள் தம்பி உறவு முறியவில்லை. அடுத்த ஆண்டு இந்த வீட்டில்தான் விக்ரம் பிறந்தார்.

கேம்பிரிட்ஜின் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் இயற்கை அறிவியல் பயின்று 1940ஆம் ஆண்டில் விக்ரம் தேர்ச்சி பெற்றார். போர் மூண்டிருந்தமையால் தாயகம் திரும்பி, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சர் சி. வி. இராமனிடம் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார். விண்வெளியிலிருந்து இடைவிடாது பூமியின்மீது பொழியும் காஸ்மிக் கதிர்களே அவர் எடுத்துக்கொண்ட பொருள். 1942ஆம் ஆண்டில் அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை வெளியாயிற்று. அதே ஆண்டில், சென்னையைச் சேர்ந்த வழக்கறிஞர் சுவாமிநாதன் அவர்களின் புதல்வியும் பரதக் கலைஞருமான மிருணாளினி அம்மையாரை அவர் மணந்தார். வெள்ளையனே வெளியேறு இயக்கம் நாடெங்கும் கொழுந்துவிட்டு எரிந்த நேரமாதலின், சென்னையில் நடந்த அத்திருமணத்திற்கு மணமகனின் குடும்பத்தார் வந்து சேர இயலவில்லை. போர் முடிந்த பின்னர் மீண்டும் கேம்பிரிட்ஜ் சென்று 1947ஆம் ஆண்டில் டாக்டர் பட்டம் பெற்றார்.

அவ்வாண்டு நவம்பர் 11ஆம் நாள், நாடு விடுதலை பெற்று மூன்று மாதங்கள்கூட நிறையாத நிலையில், அகமதாபாத்தில் இயற்பியல் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றை அவர் தோற்றுவித்தார். அப்போது அவருக்கு வயது 28. அதன் முதல் இயக்குநராக அமர்ந்தவர் டாக்டர் கே. ஆர். இராமநாதன், பாலக்காட்டுக் கல்பாத்தியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர், இராமனின் முதல் மாணவர், வானிலை ஆராய்ச்சியிலும் ஓசோன் ஆராய்ச்சியிலும் உலகப் புகழ் பெற்றவர். தம்மைவிட 26 ஆண்டுகள் மூத்த அறிஞரைத் தலைமையில் அமர்த்தி, நிறுவனத்தைத் தோற்றுவித்தவர் தாம் கீழே நின்று பணியாற்றினார் என்பதையும் இங்கே குறிக்க வேண்டும்.

இந்த ஆராய்ச்சிக்கூடத்திற்கும் வானொலித் தொடர்புக்கும் இருந்த உறவைச் சற்று விளக்குவோம். பூமிக்கு மேலே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் உயரத்திலிருந்து பல நூறு கிலோமீட்டர் வரை, சூரியக் கதிர்கள் காற்றணுக்களை உடைத்து மின்னூட்டம் ஏற்றிவிடுகின்றன. இப்பகுதிக்கு அயனி மண்டலம் என்று பெயர். சிற்றலை வானொலி இதன்மீது பட்டுத் தெறித்துத் திரும்பிப் பூமிக்கு வருவதால்தான் ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பாலுள்ள நிலையங்களை நாம் கேட்க முடிகிறது. சூரியனில் புயல் எழுந்தால் இந்த அயனி மண்டலம் குலைகிறது, வானொலி மங்குகிறது, கம்பியில்லாத் தந்தி தடைப்படுகிறது. பூமியின் காந்த நடுக்கோட்டிற்கு நேர் மேலே, 100 கிலோமீட்டரைச் சற்றுக் கடந்த உயரத்தில், பகல் நேரத்தில் ஒரு மின்னாறு கிழக்கு நோக்கி ஓடுகின்றது என்பதும் கண்டறியப்பட்டிருந்தது. அந்த உயரத்தை எட்டிப்பிடிக்கப் பலூனால் இயலாது. செயற்கைக்கோளோ அதற்கும் மேலே பறந்துவிடும். இடையிலுள்ள அவ்வெளியை நேரில் சென்று அளக்கச் சிறிய ராக்கெட் ஒன்றே வழி. நம் நாட்டின் தென்கோடியை அக்காந்த நடுக்கோடு கடந்து செல்கிறது. இவ்வாறாகக் காஸ்மிக் கதிரில் தொடங்கிய ஆராய்ச்சி ராக்கெட்டில் வந்து நின்றது.

1962ஆம் ஆண்டில் சாராபாயின் தலைமையில் விண்வெளி ஆராய்ச்சிக்கான தேசியக் குழு அமைக்கப்பட்டது. திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா என்னும் மீனவர் கிராமம் ஏவுதளத்துக்கு ஏற்ற இடமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அங்கே புனித மகதலேன் மரியாள் ஆலயமும் ஆயர் இல்லமும் இருந்தன. ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரேரா அவர்கள் மனமுவந்து இசைவளிக்க, தேவாலயம் ஆராய்ச்சிக்கூடமாயிற்று. ஒரு சமயத்தார் தம் வழிபாட்டிடத்தையே கல்விக்காக விட்டுக்கொடுத்த அச்செயலை, தானத்தின் அருமை அறிந்த நாம் எத்துணைப் பாராட்டினும் தகும். 1963ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் மாலை, அமெரிக்கா அளித்த நைக்கி அப்பாச்சி ராக்கெட் அங்கிருந்து எழுந்து வானில் சோடியம் ஆவியைப் பரப்பியது. அந்த ராக்கெட்டைப் பொருத்தும் பணியில் ஈடுபட்டிருந்த இளைஞர்களுள் ஒருவர் இராமேசுவரத்தைச் சேர்ந்த அப்துல் கலாம்.

உணவுக்கே வெளிநாட்டுக் கப்பலை எதிர்பார்த்திருந்த நாட்டிற்கு ராக்கெட் ஒரு கேடா என்று அக்காலத்தில் கேட்டவர் பலர். அக்கேள்வி நியாயமானதே. சாராபாய் அதற்கு முகஞ்சுளிக்கவில்லை. நிலவுக்கு மனிதனை அனுப்பும் போட்டியில் இறங்கும் எண்ணம் நமக்குக் கிடையாது. மக்களின் அன்றாட வாழ்வுக்கு உயர்ந்த தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துவதில் மட்டும் நாம் யாருக்கும் பின்தங்கிவிடக் கூடாது என்பதே அவர் மறுபடி மறுபடி எடுத்துரைத்த கருத்து. அன்றாட வாழ்வு என்று அவர் கருதியவற்றுள் முதலாவதாக நின்றது தொலைக்காட்சி வழிக் கல்வி.

இது இன்று கேட்பதற்கு எளிதாக இருக்கலாம். அன்றைய நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். 1960களின் இடையில் இந்தியா முழுவதிலும் இருந்த ஒரே தொலைக்காட்சி நிலையம் டெல்லியில்தான் இருந்தது. தரையிலே கோபுரங்களை நாட்டித் தொலைக்காட்சியைப் பரப்புவதானால், ஒவ்வொரு கோபுரத்தின் அலையும் சில பத்துக் கிலோமீட்டர் தொலைவுக்கே எட்டும். முதலில் பெருநகரம், பின்னர் சிறுநகரம், அதற்கும் பின்னர் பேரூர் என்று அது படிப்படியாக நகரும். மலையடிவாரத்துச் சிற்றூரை அது அடைவதற்குள் ஒரு தலைமுறை கழிந்துவிடும். உலகில் எல்லா நாடுகளிலும் அவ்வாறே நடந்தது. செயற்கைக்கோளின் இயல்பு வேறு. பூமியின் நடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிறுத்தப்பட்ட கோள், பூமி சுழலும் வேகத்திலேயே தானும் சுற்றுவதால் எப்போதும் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும். அங்கிருந்து இறங்கும் அலைக்கு நகரமும் ஒன்றே, காடும் ஒன்றே. கடைசியில் நிற்பவனுக்கு முதலில் கொடுப்பது அதனால் இயலும். சாராபாயின் நெஞ்சைக் கவர்ந்தது இதுவே. நாட்டைத் தரையிலிருந்து நோக்கியவர்கள் பல்லாண்டுத் திட்டம் தீட்டியபோது, அவர் இடைப்படிகளைத் தாண்டிவிடலாம் என்று கணக்கிட்டார். ஆலை முதலாளியின் மகனல்லவா. ஒவ்வொரு முறைக்கும் ஆகும் செலவைத் தனித்தனியே ஒப்பிட்டுக் காட்டாமல் அவர் எதையும் அரசின்முன் வைத்ததில்லை.

வெறுங்கணக்கோடும் அவர் நிற்கவில்லை. கிராம மக்கள் தொலைக்காட்சியைப் பார்ப்பார்களா, பார்த்தால் அதனால் பயன் விளையுமா என்பதைச் சோதித்தறிய வேண்டுமென்றார். 1967ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள், டெல்லியைச் சுற்றியுள்ள 80 கிராமங்களில் பொதுத் தொலைக்காட்சிப் பெட்டிகளை வைத்து உழவர்களுக்கான நிகழ்ச்சி தொடங்கப்பட்டது. கிருஷி தர்ஷன் என்ற பெயரில் பின்னர் பல்லாண்டுகள் நடைபெற்ற நிகழ்ச்சி அதுவே. அதே 1967ஆம் ஆண்டில் அகமதாபாத்தில் செயற்கைக்கோள் தொடர்புக்கான சோதனைத் தரை நிலையம் ஐக்கிய நாடுகள் சபையின் உதவியோடு எழுந்தது. இந்தியப் பொறியாளர்களும் பிற வளரும் நாடுகளின் பொறியாளர்களும் அங்கே பயிற்சி பெற்றனர். புணேவுக்கு அருகில் ஆர்வி என்னுமிடத்தில், கடல்கடந்த தொலைபேசிக்காகப் பெரிய தரை நிலையம் ஒன்று அமைக்க அரசு முனைந்தபோது, அதை வெளிநாட்டு நிறுவனத்திடம் ஒப்படைக்க வேண்டுவதில்லை, நம்மவரே அமைப்பர் என்று பொறுப்பேற்றுக்கொண்டவர் சாராபாய். ஏறத்தாழ 30 மீட்டர் விட்டமுள்ள அதன் ஆண்டெனா நம் நாட்டிலேயே உருவாயிற்று. அதுவரை வெளிநாட்டுடன் பேச விழைந்தவர்கள் சிற்றலை வானொலியின் இரைச்சலுக்கு இடையே, அயனி மண்டலம் இடம் கொடுத்த நேரத்தில் பேச வேண்டியிருந்தது. அயனி மண்டலத்தை ஆராய்ந்தவரே அதன் தயவு வேண்டாத தொடர்புக்கு வழி செய்தார்.

இதற்கிடையே அவர் தோளில் வேறொரு பாரமும் ஏறியது. 1966ஆம் ஆண்டு ஜனவரி 24ஆம் நாள் டாக்டர் ஹோமி பாபா ஆல்ப்ஸ் மலையில் விமான விபத்தில் மறைந்தார். அவ்வாண்டு மே மாதத்தில் அணுசக்தி ஆணையத்தின் தலைமைப் பொறுப்பு சாராபாயிடம் வந்தது. அகிம்சையை முதல் விரதமாகக் கொண்ட மரபில் பிறந்தவர் அணுசக்தித் துறைக்குத் தலைவரானார். நம் இதழின் வாசக அன்பர்களுக்கு இங்கே ஒரு ஐயம் எழுவது இயல்பு. சீனா 1964ஆம் ஆண்டில் அணுகுண்டை வெடித்திருந்தது. நாமும் வெடிக்க வேண்டும் என்ற குரல் நாடாளுமன்றத்தில் ஓங்கி ஒலித்தது. பொறுப்பேற்ற சில வாரங்களுக்குள்ளேயே சாராபாய் தம் நிலையை வெளிப்படையாகக் கூறினார். ஒரு குண்டு வெடித்துக் காட்டுவதால் நாட்டிற்குப் பாதுகாப்பு வந்துவிடாது. அதற்குப் பின்னால் வேண்டப்படும் பெரும் படைக்கலத் தொகுதியின் செலவை ஏழை நாடு தாங்காது. நாட்டின் பாதுகாப்பு உள்நாட்டு வளர்ச்சியையும் சார்ந்தது என்பது அவர் கருத்து. நிலத்தடி வெடிப்புக்கான ஆயத்தப் பணியை அவர் நிறுத்தச் சொன்னார் என்றும் வரலாற்று ஆய்வாளர்கள் எழுதியுள்ளனர். அவருடைய துறையிலேயே பலர் இதனை விரும்பவில்லை. அந்த ஆய்வு உள்ளூரத் தொடர்ந்தது. இறுதிவரை அவரால் அதை முற்றிலும் தடுக்க இயலவில்லை. அவர் மறைந்து இரண்டரை ஆண்டுகளுக்குள், 1974ஆம் ஆண்டு மே 18ஆம் நாள், பொக்ரானில் வெடிப்பு நிகழ்ந்தது. தும்பாவில் வளர்ந்த ராக்கெட் அறிவும் பின்னாளில் ஏவுகணைக்குப் பயன்பட்டது.

ஆகவே சாராபாயை அகிம்சையின் முழு உருவம் என்று நாம் எழுதினால் அது மிகையாகும். இம்சையைச் சங்கல்பம், ஆரம்பம், உத்தியோகம், விரோதம் எனப் பகுத்துக் காட்டிய நம் ஆசாரியர்கள், இல்லறத்தான் முதலில் முற்றிலும் விட வேண்டியது சங்கல்ப இம்சையை என்றனர். அவ்வளவு பெரிய அதிகாரம் கையிலிருந்தும், அழிக்கும் கருவியை விரும்பித் தேடாதவர் அவர் என்று சொன்னால் அது வரலாற்றுக்குப் பொருந்தும். எஞ்சியதை அன்பர்களின் சிந்தனைக்கு விடுகிறோம்.

மீண்டும் செயற்கைக்கோளுக்கு வருவோம். அக்காலத்தில் இந்தியாவிடம் சொந்தக் கோள் இல்லை. அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா, ஏ.டி.எஸ். வரிசையில் ஆறாவது கோளை உருவாக்கிக்கொண்டிருந்தது. குடைபோல் விரியும் 9 மீட்டர் ஆண்டெனா ஒன்று அதில் அமைய இருந்தது. மேலே ஆண்டெனா பெரிதாகி அலை வலுவாக இறங்கினால், கீழே உள்ள வாங்கி சிறியதாகவும் மலிவாகவும் இருக்கலாம் என்பது இதன் சூட்சுமம். இக்கோளை ஓராண்டுக்கு இந்தியாவின் கிராமங்களுக்காக இரவல் தருமாறு சாராபாய் கேட்டார். 1969ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் இரு நாடுகளுக்கும் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. கோள் அவர்களுடையது, தரையிலுள்ள கருவிகள், நிகழ்ச்சிகள், அவற்றின் பொறுப்பு யாவும் நம்முடையன. வேற்று நாட்டுக் கோள் வழியாக வந்தாலும் அதில் ஒலிப்பது நம் குரலாகவே இருக்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அதற்கு ஒரு மாதம் முன்னர்தான், ஆகஸ்டு 15ஆம் நாள், இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் உருப்பெற்றிருந்தது.

1970ஆம் ஆண்டில் அணுசக்திக்கும் விண்வெளிக்குமான பத்தாண்டுத் திட்டம் ஒன்றை அவர் வெளியிட்டார். நாமே செயற்கைக்கோள் செய்வது, நாமே ஏவுவது, அதைத் தொலைத்தொடர்புக்கும் வானிலைக்கும் கல்விக்கும் பயன்படுத்துவது யாவும் அதில் அடங்கின. தும்பாவும் அகமதாபாத்தும் பம்பாயும் டெல்லியுமாக அவர் ஓயாது பயணம் செய்துகொண்டிருந்தார். இரண்டு பெருந்துறைகள், குடும்பத் தொழில்கள், அகமதாபாத்தில் தாம் தொடங்கிய நெசவு ஆராய்ச்சிச் சங்கம், மேலாண்மைக் கழகம், சிறுவர்களுக்கான அறிவியல் மையம் என எல்லாவற்றையும் ஒருவரே சுமந்தது தவறு என்று இன்று நமக்குத் தோன்றுகிறது. பொறுப்புகளைப் பிரித்துக் கொடுத்திருந்தால் இன்னும் சில ஆண்டுகள் வாழ்ந்திருப்பாரோ என்னவோ.

1971ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில் அவர் தும்பாப் பணிகளைப் பார்வையிடத் திருவனந்தபுரம் வந்து, கோவளத்தில் கடற்கரையோர மாளிகையில் தங்கினார். டெல்லியில் ஒரு கூட்டத்தை முடித்துக்கொண்டு திரும்பிய கலாமிடம் தொலைபேசியில் பேசியபோது, திருவனந்தபுரம் விமான நிலையத்தில் தமக்காகக் காத்திருக்குமாறு சொல்லியிருந்தார். கலாம் விமானத்தை விட்டு இறங்கியபோது அவருக்குக் கிடைத்தது மரணச் செய்தி. டிசம்பர் 30ஆம் நாள் விடியலில் சாராபாய் படுக்கையிலேயே உயிர் நீத்திருந்தார். வயது 52.

அவர் கேட்டு வாங்கிய கோள் அப்போது விண்ணை அடையவில்லை. 1974ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் அது ஏவப்பட்டது. முதலாண்டு அமெரிக்காவுக்குப் பணி செய்துவிட்டு, 1975ஆம் ஆண்டில் இந்தியாவைப் பார்க்கும் இடத்துக்கு நகர்த்தப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டு 1ஆம் நாள் சைட் என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட கல்வித் தொலைக்காட்சிச் சோதனை தொடங்கியது. சதீஷ் தவான் விண்வெளித் துறைக்குத் தலைமை தாங்க, அகமதாபாத்தில் யஷ்பாலும் ஏக்நாத் சிட்னிஸும் முன்னின்று நடத்தினர். ஆந்திரம், கர்நாடகம், ஒரிசா, பீகார், மத்தியப் பிரதேசம், இராஜஸ்தான் ஆகிய ஆறு மாநிலங்களில், பின்தங்கிய பகுதிகளாகத் தேடி எடுத்த ஏறத்தாழ 2,400 கிராமங்கள் அதில் இடம்பெற்றன. தமிழகம் அதில் இல்லை.

அக்கிராமங்களில் நடந்ததைக் கற்பனை செய்து பாருங்கள். பள்ளிக்கூடத்தின் அல்லது பஞ்சாயத்துக் கட்டடத்தின் அருகே 3 மீட்டர் விட்டமுள்ள கிண்ணம் ஒன்று வானை நோக்கி நிற்கிறது. அது கோழிக்கூடுகளுக்குப் போடும் கம்பிவலையால் செய்யப்பட்டது. 36,000 கிலோமீட்டர் கடந்து வரும் அலையைப் பிடிக்க அதுவே போதும். மின்சாரம் இல்லாத ஊர்களில் பெட்டி மின்கலத்தால் இயங்கியது. அவ்வூர் மக்களுள் பலர் அதற்குமுன் சினிமாவைக்கூடப் பார்த்ததில்லை. காலையில் ஒன்றரை மணி நேரம் பள்ளிக் குழந்தைகளுக்குப் பாடம். மாலையில் இரண்டரை மணி நேரம் பெரியவர்களுக்கு உழவு, கால்நடை, உடல்நலம், குடும்பநலம் பற்றிய நிகழ்ச்சிகள். இந்தி, ஒரியா, தெலுங்கு, கன்னடம் என அவரவர் மொழியில் அவை அமைந்தன. விடுமுறைக் காலத்தில் ஆரம்பப் பள்ளி ஆசிரியர்கள் ஆயிரக்கணக்கானோர்க்கு அறிவியல் கற்பிக்கும் பயிற்சியும் இதன் வழியே அளிக்கப்பட்டது. எழுத்தறியாத மக்கள், அதிலும் பெண்கள், நிகழ்ச்சிகளிலிருந்து கற்றுக்கொண்டது கணிசமானது என்று சமூகவியலாளர்களின் ஆய்வு தெரிவித்தது. எழுத்தறிந்தவர்க்கே அறிவுத் தானம் என்ற பழைய எல்லை அங்கே தாண்டப்பட்டது.

குறைகளும் இருந்தன. நிகழ்ச்சிகள் பெரும்பாலும் டெல்லி, கட்டாக், ஐதராபாத் நகரங்களில் தயாரானமையால், ஒரு மாவட்டத்தின் பயிரும் பேச்சும் மற்றொன்றுக்குப் பொருந்தாமற் போயின. கேட்பவன் திருப்பிக் கேள்வி கேட்க வழியில்லை. இதனை உணர்ந்துதான் குஜராத்தின் கேடா மாவட்டத்தில் பிஜ் என்னுமிடத்தில் சிறிய ஒளிபரப்பி ஒன்றை அமைத்து, உள்ளூர்ப் பேச்சில் உள்ளூர் மக்களைக் கொண்டே நிகழ்ச்சிகள் தயாரித்தனர். கூலிச் சுரண்டலும் தீண்டாமையும்கூட அவற்றில் பேசப்பட்டன. அம்முயற்சிக்கு 1984ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் பரிசு கிடைத்தது.

1976ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாளோடு இரவல் முடிந்தது. நாசா தன் கோளை மீண்டும் மேற்கே நகர்த்திக்கொண்டது. ஓராண்டு பேசிய பெட்டிகள் பெரும்பாலான ஊர்களில் மௌனமாயின. நமக்கென்று ஒரு கோள் வேண்டும் என்று சாராபாய் ஏன் அவ்வளவு வற்புறுத்தினார் என்பது அப்போதுதான் பலருக்கு விளங்கியது. 1981ஆம் ஆண்டில் ஆப்பிள் என்ற நம் முதல் தொலைத்தொடர்புச் சோதனைக்கோள் ஐரோப்பிய ராக்கெட்டில் சென்றது. மாட்டு வண்டியில் வைத்து அதனைச் சோதித்த புகைப்படத்தைக் காணாதவர் இலர். உலோகம் குறைந்த மேடை வேண்டியிருந்தமையால் வண்டி பயன்பட்டது. 1982ஆம் ஆண்டின் இன்சாட்-1ஏ சில மாதங்களில் செயலிழந்தது. 1983ஆம் ஆண்டு ஆகஸ்டில் சென்ற இன்சாட்-1பி நிலைத்தது. தொலைபேசி, வானிலை, தொலைக்காட்சி மூன்றும் அதனால் நாடெங்கும் பரவின.

ஆனால் பரவிய தொலைக்காட்சி சாராபாய் எண்ணிய தொலைக்காட்சிதானா? நகரங்களிலும் பேரூர்களிலும் ஒளிபரப்பிகள் பெருகின. விளம்பரங்களும் தொடர்களும் பெருகின. உழவனுக்கும் பள்ளிக் குழந்தைக்கும் உரிய நேரம் ஓரத்திற்குத் தள்ளப்பட்டது. கடைசியில் நிற்பவனுக்கு முதலில் என்ற வரிசை தலைகீழாயிற்று. பிறர் பொருட்டுக் கொடுத்த தானத்தை வாங்கிய நாம் நம் பொழுதுபோக்குக்குச் செலவிட்டோம் என்றுதான் சொல்ல வேண்டும்.

அவர் பெயர் பல இடங்களில் நிலவுகின்றது. தும்பா மையமும் ஆர்வி தரை நிலையமும் அப்பெயரைத் தாங்குகின்றன. நிலவில் அமைதிக் கடல்களுள் ஒன்றில் ஒரு பள்ளத்துக்குச் சாராபாய் எனப் பெயர் சூட்டப்பட்டுள்ளது. 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் நாள் நிலவின் தென்பகுதியில் இறங்கிய கலத்துக்கும் விக்ரம் என்றே பெயர். இவற்றைவிட நாம் கருதத்தக்கது 2004ஆம் ஆண்டு செப்டம்பர் 20ஆம் நாள் ஏவப்பட்ட எடுசாட். கல்விக்கென்றே அமைந்த நம் முதல் செயற்கைக்கோள் அது. நம் நாட்டு ராக்கெட்டிலேயே, பழவேற்காட்டு ஏரிக்கு அப்பாலுள்ள ஸ்ரீஹரிகோட்டாத் தீவிலிருந்து சென்றது. அத்தீவை ஏவுதளமாகத் தேர்ந்தெடுத்தது சாராபாயின் காலத்தில்தான். அங்கிருந்து முதல் சிறு ராக்கெட் பறந்த நாள் 1971ஆம் ஆண்டு அக்டோபர் 9. அப்போது அவர் உயிருடன் இருந்தார்.